பட்டினிக் குடுவை

"சார், இன்னைக்கும் காப்பிக் கலர்தான்!"

ஆய்வு மாணவி நீட்டிய கண்ணாடித் துண்டைப் பார்த்ததும் பேராசிரியர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அறுபதை நெருங்குகிறவர் துள்ளிய துள்ளலில் மேஜை மேலிருந்த பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன.

"பத்து நாள்! வெறும் தண்ணியில பத்து நாள் கிடந்தும் சேமிப்பு குறையலைன்னா, இது சாதாரண ஈஸ்ட் இல்லம்மா, சாமியார் ஈஸ்ட்!"

விஷயம் இதுதான். ஈஸ்ட் செல்லுக்குச் சர்க்கரை கிடைத்தால் அவ்வளவையும் அப்போதே தின்று தீர்த்துவிடாது. கொஞ்சத்தைக் கிளைகோஜனாக மாற்றி உள்ளே பத்திரப்படுத்திக்கொள்ளும். வரத்து நின்றுபோனால் அதை உடைத்து உடைத்துச் சாப்பிட்டு நாளை ஓட்டும். ஒரு சொட்டு அயோடின் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சேமிப்பு இருந்தால் காப்பி நிறம், காலியென்றால் வெறும் மஞ்சள்.

உள் அறையில் ஆட்டும் இயந்திரத்தின் மேல் இரண்டு குடுவைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றில் 'சாப்பாடு', இன்னொன்றில் 'பட்டினி' என்று மாணவி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். பட்டினிக் குடுவை எப்போதோ மஞ்சளாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு சார். திங்கட்கிழமை காலையில மட்டும் வெளுத்துப் போகுது. மறுநாள் பார்த்தா பழையபடி ஆகிடுது."

"ஞாயித்துக்கிழமை அதுவும் லீவு எடுக்குது போல, விடு!"

"விளையாடாதீங்க சார். நாளைக்கு அத்தனை விஞ்ஞானிங்க முன்னாடி மேடையேறிச் சொல்லப் போறீங்க. தப்பாயிட்டா என் பட்டமும் போச்சு, உங்க மானமும் போச்சு."

"மூணு தடவை புதுசு புதுசா செஞ்சு பார்த்தாச்சு. மூணு தடவையும் இதேதானே? முப்பது வருஷமா 'இவர் என்னத்தைக் கண்டுபிடிச்சுக் கிழிச்சார்'னு கேட்டவங்க வாயை நாளைக்கு அடைக்கிறேன் பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மாணவிக்கு அதற்குமேல் வாதாட மனசு வரவில்லை.

மணி ஒன்று. வேலை நாள் தவறாமல் வருவதுபோல் அவர் மனைவி சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்தார். பையை வைத்த கையோடு, "டிராயரைத் திறங்க" என்றார்.

"அதுல வெறும் பேப்பர்தான்..."

"தள்ளுங்க!" பேப்பர்களுக்கு அடியிலிருந்து கேன்டீன் சர்க்கரைப் பொட்டலங்கள் நான்கு வெளியே வந்தன. "சர்க்கரையைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரா இல்லையா?"

"அது... என்னைப் பார்க்க வர்றவங்களுக்கு."

"ஆமா, வர்றவங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்காத மனுஷன்! இருங்க, கை கழுவிட்டு வர்றேன்."

மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேராசிரியர் அசட்டுச் சிரிப்போடு டப்பாவைத் திறந்தார். இன்றைக்கு எதுவும் அவர் சந்தோஷத்தைக் குலைத்துவிடாது.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி உள் அறையிலிருந்து வந்ததும், பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தார்.

"நாளைக்கு நான் பேசறதைக் கேட்டு ஊரே மூக்கு மேல விரலை வைக்கப் போகுது, பார்த்துக்கோ! உள்ளே ஆடிக்கிட்டிருக்கே ஒரு குடுவை..."

"எது, 'பட்டினி'ன்னு எழுதி ஒட்டியிருக்கே, அதுவா?"

"அதேதான்! அதுல இருக்கிற ஈஸ்ட் பத்து நாளா ஒண்ணுமே சாப்பிடலை. ஆனா தெம்பு துளிகூடக் குறையலை. எப்படின்னு உலகத்துல யாருக்கும் தெரியாது!"

மனைவியின் முகம் பூரித்துப் போனது.

"எப்படிங்க குறையும்? பக்கத்துல ஒண்ணு சாப்பிட்டுக்கிட்டிருக்க, இது மட்டும் பட்டினி கிடந்தா பார்க்கிறவங்களுக்கு மனசு கேக்குமா? உங்க டிராயர்ல பிடிக்கிற சர்க்கரையை எல்லாம் தினமும் அதுலதானே கொட்டிட்டு வர்றேன்!"