ஆறாம் கட்டில்

மூன்றாம் கட்டிலில் படுத்திருந்தவருக்கு இடது கால் இல்லை. அந்தக் காலி இடத்தில் அப்பா தன் தோள்பையைப் போட்டுவிட்டு, சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார்.

"சார், பையை எடுங்க. காலைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பியிருக்கோம், நாளைக்கு வந்துடும்" என்றார் அட்டெண்டர்.

நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறை அது. வரிசையாக ஆறு கட்டில்கள். பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கட்டும் என்று வருஷத்துக்கு ஒரு நாள் திறந்துவிடுவார்கள். இன்று அந்த நாள்.

"இந்தப் பொம்மை ஒண்ணொண்ணும் ஒரு கார் விலை சார். சுவிட்சைப் போட்டா மூச்சு விடும், இருமும், நாடி அடிக்கும். இன்னிக்கு மட்டும் ஒயரையெல்லாம் பிடுங்கி வச்சுட்டோம். வர்றவங்க அமுக்கி அமுக்கியே கெடுத்துடறாங்க."

அப்பாவுக்குப் பொம்மையில் அக்கறை இல்லை. "முதல்வரம்மாவைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கணும். ஆபீஸ்ல ஆளைக் காணோம். வாசல்ல அவங்க போட்டோ மட்டும்தான் சோடாபுட்டிக் கண்ணாடியோட முறைச்சுக்கிட்டு இருக்கு."

"இன்னிக்கு அவங்க ஆபீஸ்ல உக்கார மாட்டாங்க சார். இங்கதான் எங்கயாவது இருப்பாங்க."

மணி இரண்டரை. மூன்று மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். மகள் சிட்டுவின் கையிலிருந்த ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: எந்தப் படிப்பு? அதை நிரப்பத்தான் வீட்டில் ஒரு மாதமாகப் பட்டிமன்றம் நடந்தது. நடுவர் இல்லாத பட்டிமன்றம்.

"நாலு வருஷ டிகிரிதான். என் பொண்ணு டிகிரின்னு நாலு பேர்கிட்ட நான் சொல்லிக்க வேணாமா?"

"நீங்க சொல்லிக்கிறதுக்காக அவ நாலு வருஷம் ஹாஸ்டல் சோத்தைத் திங்கணுமா?" என்றாள் அம்மா. "ஒரு வருஷ உதவி நர்ஸ் கோர்ஸ் போதும். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவா."

"அது ஒரு படிப்பா?"

"நீங்க என்ன படிச்சுக் கிழிச்சீங்க?"

அப்பா குரலை உயர்த்தினார். "மூணு மணிக்குள்ள முடிவாகலைன்னா நேரா கம்ப்யூட்டர் கிளாஸ்தான். அங்க நான் ஏற்கெனவே பேசி வச்சுட்டேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சிட்டுவுக்குக் கொட்டாவியைத் தவிர வேறொன்றும் வராது. சின்ன வயதிலிருந்தே தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நெற்றியில் கை வைக்கிறவள் அவள்.

சண்டையிலிருந்து நழுவி ஆறாம் கட்டிலுக்குப் போனாள். தலையில் துணித் தொப்பி, மூக்கை மூடிய மாஸ்க், கழுத்துவரை போர்வை. போர்வை ஏறிப்போய்ப் பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. அவள் அதை இழுத்து மூடிவிட்டாள்.

"கையைத் தொடறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொம்மைகிட்ட பர்மிஷன் கேக்குது பாரு, உன் பொண்ணு!" அப்பா சிரித்தார். பெருமைக்கு என் பொண்ணு, கேலிக்கு உன் பொண்ணு. அது அந்த வீட்டு வழக்கம்.

சிட்டு திரும்பவில்லை. அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை புருவம் ஏறி இறங்கியது. முழுசாக ஒரு நிமிஷம் முடிந்ததும், கால்மாட்டில் தொங்கிய அட்டையில் 'நாடி 96' என்று எழுதி வைத்தாள்.

"அப்பா, கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். இவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்."

"யாருக்கு, ரப்பருக்கா?"

சிட்டு பேனாவை மூடினாள். "நான் மூணு வருஷ டிப்ளமோ படிக்கிறேம்ப்பா. இங்க அதுலதான் முதல் வருஷமே வார்டுக்கு அனுப்புறாங்க. டிகிரி வேணும்னா அப்புறம் சேர்த்துப் படிச்சுக்கலாம். எனக்கு நோயாளிங்க பக்கத்துல இருக்கணும்."

ஒரு மாதப் பட்டிமன்றத்தில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். அப்பாவின் முகம் சிவந்தது.

"நோயாளியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? பொம்மை கையைப் பிடிச்சுட்டா நர்ஸ் ஆயிடுவியா?" அவர் போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. "முதல்ல உயிரோட இருக்குற ஒரு ஆளோட நாடியைப் பிடிச்சுப் பாரு. அப்புறம் வந்து எங்கிட்ட பேசு!"

ஆறாம் கட்டிலில் போர்வை அசைந்தது.

அம்மா "ஐயோ!" என்று அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அட்டெண்டர் மட்டும் அசரவில்லை; அவர் வருஷா வருஷம் பார்க்கிறவர். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி வெளியே வந்து மாஸ்க்குக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. ஒரு கை, ஃபாரத்தை வாங்கிக்கொள்ள சிட்டுவின் பக்கம் நீண்டது.

"பாத்துட்டா சார், தொண்ணூத்தாறு. நீங்க கத்தாம இருந்திருந்தா எழுபதுதான் இருந்திருக்கும்!"