ஐந்து இலை, நான்கு முட்டை

வலியசாலை சொர்ணம்மாள் 1955 தை மாதத்தில் சொல்ல, நான் இரு முறை கேட்டு எழுதிக்கொண்டது இது. நிகழ்ந்தது அதற்கு முந்தைய ஆண்டு ஆவணியில், வெள்ளாயணிக் காயலில். நீர்ப்பறவைகளைக் காண வள்ளத்தில் போனவர்கள் ஜீவகாருண்யப் பட்சி தரிசன சபையின் ஆண்கள் ஐவர். தலைவர், சொர்ணம்மாளின் கணவர் பகவதிப்பெருமாள். சோறு பரிமாறுவதற்காக அந்த அம்மாளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கள்ளன் அகப்பட்டான், அண்ணாச்சி!"

நண்பகலில் கரையேறுமுன் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிய செயலாளர் குற்றாலலிங்கம்தான் கூவினார். பாத்திரத்தின் பின்னால், வள்ளக்காரன் யோசுவாவின் துவர்த்துத் துண்டுக்குள் நான்கு முட்டைகள். செப்பு நிறம், பம்பர வடிவம்.

பகவதிப்பெருமாள் குனிந்து பார்த்தார்.

"தாமரைக்கோழி முட்டை வே! விடிஞ்சதிலேருந்து நாம அந்தப் பட்சியைத் தேடுதோம். இவன் அதுக்க வம்சத்தையே துவர்த்துல கட்டி வச்சிருக்கான்!"

"சாரே, அது வந்து..."

"வாயைத் திறக்காதே. ஏறும்போதே சொன்னேன்லா, பேசினா பட்சி பறந்துரும்னு?"

காலை முழுவதும் அந்த விதியை மீறியவர் தலைவர் ஒருவரே. கொக்கின் பொறுமை குறித்து அவர் நிகழ்த்திய உரையில் காயலின் பாதிப் பறவைகள் பறந்துவிட்டிருந்தன.

"கள்ளுக்கடைக்குத்தானேடே?" என்றார் குற்றாலலிங்கம். "பொரிச்சுத் தின்ன எத்தனை பேரு காத்துக் கெடக்கானோ!"

"இவனுக்க வள்ளத்துக்கு உள்ள அனுமதியை ரத்து பண்ணணும். தாசில்தார் கச்சேரியில நம்ம மருமகன்தான் இருக்கான். சாப்பிட்டுட்டு மனுவை எழுதும் வே."

யோசுவா கும்பிட்டான். "சாரே, வள்ளம் இல்லேன்னா எனக்க வீட்டுல அடுப்பு எரியாது."

"அந்தத் தாய்ப்பட்சிக்க வயிறு எரியுமே, அதை நினைச்சியா?"

"தாயில்ல சாரே, அதுல ஆணாக்கும் அடை கெடக்கும்."

"பேசாதேன்னேன்லா!"

ஐவரும் வரப்பில் வரிசையாக அமர்ந்தார்கள். தலைவர் ஆளனுப்பி அன்று காலை அந்தக் காயலிலேயே அறுப்பித்த தாமரை இலைகளில் சொர்ணம்மாள் புளிச்சோறு பரிமாறினார், பிறகு தயிர்ச்சோறு. தாமரை இலையில் உண்பதற்குத் தனி ருசி என்று சபை ஒருமனதாகக் கருதியது.

இரண்டாம் முறை தயிர்ச்சோறு வைக்கும்போது சொர்ணம்மாள் மெல்லச் சொன்னார்:

"இஞ்ச பாருங்க. தூக்குல போடுத ஆளுகிட்டயும் ஒரு வார்த்தை கேப்பாங்க. அவன் என்னதான் சொல்லுதான்னு கேளுங்களேன்."

"சொல்லித் தொலைடே."

யோசுவா துவர்த்தை நெஞ்சோடு அணைத்தபடி அந்த அம்மாளைப் பார்த்தே பேசினான்.

"அம்மா, தாமரைக்கோழி இலைமேலயாக்கும் முட்டை இடும். காலத்தே சாருக்க ஆளு வந்து இலை அறுத்தான். அறுத்த இலையில இது நாலும் இருந்து. பக்கத்து இலையில வச்சா ஆண்பட்சி வந்து அடை இருந்துக்கிடும். வைக்கத்தான் எடுத்தேன். அதுக்குள்ள, 'நேரமாச்சு, வள்ளத்தை எடு'ன்னு சாருமாரு ஏறிட்டாங்க. வெயில் படாம இருக்கட்டும்னு பொதிஞ்சு வச்சேன்."

ஐந்து கைகளும் இலையிலேயே நின்றன.

முதலில் அசைந்தது தலைவரின் கை. எஞ்சிய தயிர்ச்சோற்றை வழித்து உண்டு முடித்து, இலையை மடித்தார்.

"நாங்க இலைதானே கேட்டோம்? முட்டையா கேட்டோம்?"

"அது சரி அண்ணாச்சி, அதுதான் நியாயம்" என்றார் குற்றாலலிங்கம். மற்ற மூவரும் இலையை மடித்தார்கள்.

"இப்பவாவது கொண்டு வைக்கட்டா சாரே? ஒரு நிமிஷம் போதும்."

"அது தொண்டிப்பொருள்டே, களவுக்குச் சாட்சி. மனுவோட போகணும்."

மனுவில் ஐவரும் கையெழுத்திட்டார்கள். நான்கு முட்டைகளும் காலியான சோற்றுப் பாத்திரத்தில் கிழக்கேகோட்டைக் கச்சேரிக்கு வந்து, சில நாளில் நாறத் தொடங்கியதும் சாக்கடையில் சேர்ந்தன. புரட்டாசியில் அனுமதி ரத்தாகி, யோசுவாவின் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டார்கள்.

சபையார் ஐவரையும் நான் தனித்தனியே கேட்டேன். அவர்கள் சொல்லும் பாடத்தில் முடிவு வேறு. தலைவர் தம் கையாலேயே முட்டைகளை இலைமேல் வைக்கிறார். யோசுவா அவர் காலில் விழுகிறான். சபை அவனை மன்னிக்கிறது. ஐவர் கூற்றும் சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பதால், அதையே மூலபாடமாகக் கொள்ளும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள்.

நான் கொள்ளவில்லை. ஐவரும் அன்று அந்த இலைகளில் உண்டவர்கள். சொர்ணம்மாள் பரிமாறியவர்; யோசுவா பேசியபோது அவர் தமக்கு இன்னும் இலை போட்டிருக்கவில்லை.