கேட்டில் ஒட்டிய தெய்வம்

'நடமாடும் தெய்வங்களுக்கு நன்றி!' என்ற நர்ஸ் போஸ்டரை வீட்டுக்காரர் தன் கேட்டிலேயே ஒட்டியிருந்தார். தொற்றுக்காலத்தில், மருத்துவப் பணியாளர்களுக்காக மாலையில் மொட்டை மாடியில் நின்று கைதட்டுவதில் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மாடி போர்ஷன் கேட்டு வந்த பெண்ணைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். மாஸ்க்குக்கு மேலே, புருவத்தில் போஸ்டர் நர்ஸுக்கு இருந்த அதே வெட்டுத் தழும்பு.

"போஸ்டர்ல இருக்கிறது நீங்கதானே?"

"ஆமா சார்."

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்மா. ஆனா, நர்ஸுக்கு வீடு தர்றதில்லை. பிள்ளைகுட்டி இருக்கிற வீடு."

அவள் சிரித்தாள். "ஐயோ, நான் மாடல் சார். போட்டோவுக்கு நர்ஸ் வேஷம் போட்டேன், அவ்வளவுதான்."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. சாவியைக் கொடுத்தார். அவள் நேரங்கெட்ட நேரத்தில் கிளம்பும்போதெல்லாம், "ஷூட்டிங்காம்மா?" என்று வாஞ்சையாக விசாரிப்பார்.

நன்றி தெரிவிக்கும் கூட்டம் ஒன்றில் தோளோடு தோள் உரசி நின்றதில் அவருக்கே தொற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது, தலை முதல் கால் வரை மூடிய உருவம் ஒன்று அவர் கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. முகக் கண்ணாடிக்குள், புருவத்தில் தழும்பு.

"இங்கேயும் ஷூட்டிங்காம்மா?" என்றார் ஈனசுரத்தில்.

"ஆமா சார். கைதட்டிடாதீங்க, ஊசி கழண்டுடும்."