கட்டைவிரல் அளவுத் திருட்டு

காரைப் பார்த்ததும் நல்லையாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. முகத்தை மட்டும் விளக்கெண்ணெய் குடித்தவன்போல் வைத்துக்கொண்டான். வாங்க வந்தவன் பல்லைக் காட்டினால் விலை ஏறிவிடும்.

காஜா பெராங்கில், பூங்காவனத்தின் வீட்டையொட்டிய கொட்டகையில் நின்றது அந்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், துணிக் கூரை. மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துத் துரை கப்பலேறியபோது, தன் டிரைவர் கலியாணசுந்தரத்துக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது கலியாணசுந்தரமும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி பூங்காவனத்துக்கு ஓட்டத் தெரியாது, விற்கப்போகிறாள்.

நல்லையா ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. அவன் மனைவியின் அண்ணன் பொன்னுதுரை சிங்கப்பூர் கார்ப் பந்தயத்தில் ஒரு கோப்பை வாங்கியதிலிருந்து, கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் அந்தக் கதையையே அளந்துகொண்டிருந்தான். "நம்ம மாப்பிள்ளைக்குச் சைக்கிள் பந்தயம் வெச்சா சொல்லுங்க!" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்தான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, நல்லையா அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். கார்தான் இல்லை. பின்வாங்கினால் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது.

பழைய காரைப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவன் படிக்காத பத்திரிகை இல்லை. காரின் உடம்புக்குள் இருந்த மரச்சட்டத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தான், கரையான் இல்லை. தரையில் படுத்து அடிச்சட்டத்தைத் தடவினான், கோணல் இல்லை. பம்பர், கூரை, ஸ்பேர் சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால் எடை பாதியாகிவிடும் என்று மனக்கோட்டை கட்டினான். பிரேக் கட்டைகளை மட்டும் புதிதாகப் போட வேண்டும். பொன்னுதுரையை முந்திய பிறகு எங்காவது நிற்க வேண்டுமே.

எஞ்சின் மூடியைத் திறந்தான். எஞ்சினின் பக்கவாட்டில் மூன்று பட்டையாக, கெட்டியாகத் திருநீறு. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அவரு இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம பூசுவாரு தம்பி. நானும் விடுறதில்ல" என்றாள் பூங்காவனம்.

நல்லையா பயபக்தியோடு செருப்பைக் கழற்றினான். ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டான். நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கப்போகிறானே.

"அக்கா, கொஞ்சம் கோப்பி கிடைக்குமா?"

அவள் சமையலறைக்குள் போனதும், எஞ்சினில் தீப்பொறியைப் பிரித்துத் தரும் டப்பாவின் மூடியைக் கழற்றினான். உள்ளே சுற்றும் ரோட்டர் கட்டைவிரல் அளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் எந்தக் காரும் உயிர் பெறாது. அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு, மூடியைப் பழையபடி மாட்டினான். உள்ளே கரண்டி கோப்பையில் மோதும் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கோப்பி வந்தது. குடித்துவிட்டு, அவள் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்தான். கார் இருமியது. மறுபடியும் இருமியது. அவ்வளவுதான்.

"அலாமா! எஞ்சின் செத்துப்போச்சே அக்கா."

"ஐயோ, அப்படியா தம்பி? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"இந்தக் காடிய வெச்சிருந்தா இதுல கோழிதான் முட்டை போடும். உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. பாதி விலைக்கு நான் எடுத்துக்கிறேன்."

பூங்காவனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் காரையே பார்த்தாள். பிறகு, "உங்க நல்ல மனசு யாருக்கு வரும்? எடுத்துக்குங்க தம்பி" என்றாள். நல்லையாவுக்கே ஒரு நிமிடம் மனசு உறுத்தியது. ஒரு நிமிடம்தான்.

பணம் கைமாறியது. பத்திரத்தில் கையெழுத்தும் ஆயிற்று. தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, தெரு முனை வரைக்கும் காரைத் தள்ளவைத்தான். அவர்கள் போனதும் ரோட்டரை எடுத்து மாட்டினான்.

ஒரே ஸ்டார்ட். எஞ்சின் சிங்கம்போல் கர்ஜித்தது. நல்லையா துணிக் கூரையை மடக்கிவிட்டு, உஜோங் பாசிர் பக்கம் விட்டான் பாருங்கள், சைக்கிள்காரர்கள் எல்லாம் பொன்னுதுரையாகத் தெரிந்தார்கள்.

உஜோங் பாசிர் எட்டுவதற்குள் முன்னாலிருந்து புகையாக ஆவி கிளம்பியது. இறங்கி மூடியைத் திறந்தான். சந்தனமும் குங்குமமும் வெந்நீரில் கரைந்து வழிந்துகொண்டிருந்தன. மூன்று பட்டைத் திருநீறும் கழுவிப்போன இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு எஞ்சின் இரும்பு விரிசல் விட்டிருந்தது. சூடு ஏற ஏற அது வாயை அகலத் திறந்தது. மாற்று எஞ்சினுக்கு அவன் சீமைக்குத்தான் போக வேண்டும்.

மூச்சிரைக்க காஜா பெராங்குக்கு நடந்தே திரும்பினான்.

"சாமி பேரால ஏமாத்திட்டீங்களே அக்கா! இப்பவே போலீஸுக்குப் போறேன்!"

"போங்க தம்பி, நானும் வர்றேன்" என்றாள் பூங்காவனம், கோழிக்குத் தீனி போட்டபடியே. "நான் கோப்பி கலக்குறப்ப நீங்க எதக் கழட்டிச் சட்டப்பையில போட்டீங்கன்னு சொல்லணும்ல?"

நல்லையாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"பா... பார்த்துட்டீங்களா? அப்புறம் ஏன் என்னப் புடிக்கல?"

"இதுக்கு முந்தி வந்தவங்க அத்தன பேரும் காடிய ஓட்டிப் பார்த்து, தண்ணி ஒழுகுதுன்னு ஓடிட்டாங்க, ஓட்டிப் பார்க்காமலே வாங்கணும்னு கஷ்டப்பட்டு வழி பண்ணுன ஒரே ஆளு நீங்கதான் தம்பி, உங்களப் போயி புடிப்பேனா?"