இடது பக்கம் பிரான்ஸ்

"பெரியவரே, அந்த ரொட்டிய அவங்க கையில குடுங்க. முருங்கக்காய நீங்க வாங்கிக்குங்க. ஆளுக்கொன்ன மாத்திப் புடிச்சிக்கிட்டு நின்னா எப்படி?"

கலியபெருமாள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் அந்த இருவரும் நின்றார்கள். ஒருத்தி வெள்ளைக்காரி. நாற்பது வயதிருக்கும். பூப்போட்ட கவுன், தலையில் ஓலைத் தொப்பி. பக்கத்தில் கறுத்து மெலிந்த பெரியவர். சலவை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. சேர்ந்து நடந்து வந்தவர்களைக் கலியபெருமாள்தான் கும்பிடு போட்டு நிறுத்தியிருந்தார். பெரியவர் கையில் முழ நீளத்துக்கு ஒரு ரொட்டி இருந்தது. வெள்ளைக்காரி கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். மார்க்கெட்டைச் சுற்றிக்காட்டக் கூடவந்த ஆள்போலிருக்கிறது, வேடிக்கைக்கு மாற்றிப் பிடித்திருக்கிறார்கள் என்று கலியபெருமாள் முடிவுகட்டினார்.

பெரியவர் அவளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முருங்கைக்காயை நீட்டினாள். இருவரும் மாற்றிக்கொண்டார்கள்.

'இந்த ஊரில் வேட்டி கட்டினவன்கூட பிரெஞ்சில் பொளந்து கட்டுகிறானே' என்று கலியபெருமாள் வியந்துகொண்டார்.

அவருக்கு விழுப்புரத்தில் ஸ்டுடியோ. பதினெட்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். தன் பெயர் ஒருமுறையாவது அச்சில் வந்துவிட வேண்டும் என்பது மனுஷனுக்குத் தீராத ஆசை. சென்னைப் பத்திரிகை ஒன்று வருடாவருடம் நடத்தும் பயணப் படப் போட்டிக்கு இரண்டு முறை அனுப்பினார்; இரண்டு முறையும் படம் திரும்பி வந்துவிட்டது. போன வருடம் கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வந்தது: 'படம் தெளிவு. ஆனால் எதையும் சொல்லவில்லை.'

அந்த ஒரு வரி அவரை வருடம் முழுக்கக் குடைந்தது. இந்த வருடத் தலைப்பு, 'ஒரே படத்தில் இரண்டு நாடு.' நாளைக்குத் தபாலில் சேர்க்காவிட்டால் அடுத்த வருடம்தான். அதனால்தான் 1981 மே மாத வெயிலில், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, பஸ் ஏறி வந்திருந்தார். தூணையும் சிலையையும் எடுத்தே ஃபிலிம் தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம்.

"செருப்பக் கழட்டி அப்பால வைங்க பெரியவரே. நம்ம நாட்டு ஜனம்னு பாத்த ஒடனே தெரியணும்."

"கழட்டிட்டேன் தம்பி."

"பாக்கெட்டுல என்னமோ அட்ட எட்டிப் பாக்குது பாருங்க. உள்ள தள்ளுங்க."

பெரியவர் அட்டையைப் பத்திரமாக உள்ளே தள்ளினார். "சீக்கிரம் முடிச்சிடுவீங்களா? ஒரு சோலியாப் போய்க்கினு இருக்கேன்."

"ஒரே நிமிசம். அந்தம்மா கடலப் பாக்கட்டும். நீங்க அவங்களப் பாருங்க. வெள்ளக்காரங்களையே மொதமொதல்ல பாக்குற மாதிரி பாக்கணும்."

இதைக் கேட்டதும் வெள்ளைக்காரியின் தோள் குலுங்கியது. பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்காதீங்க பெரியவரே! இருக்கறதே ஒரு படம். என் பொழப்பே அதுலதான் இருக்கு."

பெரியவர் துண்டை எடுத்தார். சிரிப்பு கண்ணில் மட்டும் மிச்சம் இருந்தது. இந்தப் பக்கம் ரொட்டி, அந்தப் பக்கம் முருங்கைக்காய், நடுவில் கலங்கரை விளக்கம். கலியபெருமாளுக்கு உடம்பே சிலிர்த்தது. இதுவா எதையும் சொல்லாது? கிளிக்.

மனம் நிறைந்துபோய் நோட்டை விரித்தார். படத்தில் இருப்பவர்களின் பெயரும் நாடும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது போட்டி விதி. நாட்டை இவர்களிடம் கேட்பானேன்? அவரே எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார்.

"இடது பக்கம் பிரான்ஸ், வலது பக்கம் இந்தியா. பேரு மட்டும் சொல்லுங்க பெரியவரே. அந்தம்மா பேரையும் கேட்டுச் சொல்லுங்க."

அந்தம்மா ரொட்டியைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு முருங்கைக்காயை வாங்கிக்கொண்டாள்.

"மர்த்தின் சக்கரபாணி, முத்தியால்பேட்டன்னு எழுதிக்குங்கண்ணே" என்றாள் அச்சு அசலான புதுச்சேரித் தமிழில். "பெரியவரு எங்க பக்கத்து வூடு. எங்க வூட்டுக்காரரு இங்க வாத்தியாரு. முருங்கக்கா சாம்பாருன்னா உசிரு அவருக்கு. நான் இந்தியப் பிரஜையாகியே பன்னெண்டு வருசம் ஆவுது."

கலியபெருமாளுக்குப் பேனா கையிலேயே நின்றுபோனது.

"அப்ப ரெண்டு பக்கமும் இந்தியாவா? போச்சு! ரெண்டு நாடும் போச்சு, இருந்த ஒரு ஃபிலிமும் போச்சு. இந்த வருசமும் என் பேரு வராது!"

அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பெரியவருக்கே பாவமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாக்கெட்டுக்குள் தள்ளியிருந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணும் போகல தம்பி, எடத்தையும் வலத்தையும் மாத்தி எழுதிட்டு எம் பேரு சகாயநாதன்னு போடுங்க. பதினஞ்சு வருசம் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவன் நான். இன்னிக்கி எங்க பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி தேர்தலு, கொன்சுலாவுல, அதான் பிரெஞ்சுத் தூதரகத்துல, பொட்டிய மூடறதுக்குள்ள போய் ஓட்டுப் போடணும்!"