நாற்பது சதவீதம்

ஆளில்லா லாரி இடித்து மூக்கையாவின் வலது கால் நொறுங்கிப் பதினோரு மாதமாகிறது. வைத்தியம் காப்பீட்டில் நடந்தது. ஆனால் லாரிக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டுமென்றால், புதுச் சட்டப்படி உடம்பு நாற்பது சதவீதமாவது கெட்டிருக்க வேண்டும். போன அளவில் அவனுக்கு நாற்பத்தொன்று. இன்று கடைசி அளவு.

அளவு நிலைய வராந்தாவில், ஆள் அசைவதைக் கேமரா அளந்து சுவர்த்திரையில் எண் போட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவதும் எழுவதுமாக இருந்தான்.

"செத்த நேரம் சும்மா இருய்யா. கேமரா பாக்குதுல்ல," என்றாள் மனைவி சீனியம்மா.

"பாக்கட்டும்டி, நான் என்ன கூத்தா கட்டுறேன்? ஓரமா நின்னவன எதுக்கு இடிச்சேன்னு ஜட்ஜு முன்னாடி ஒருக்கா கேக்கணும். அம்புட்டுத்தேன்."

வாசலில் ஒருத்தி அரிசி மூட்டையோடு தள்ளாடினாள். "அண்ணே, ஒரு கை!"

முப்பது வருஷம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவன் மூக்கையா. அந்தக் குரல் கேட்டால் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுவது சுமைக்காரர் வழக்கம். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நாலே எட்டில் போய்த் தோள் கொடுத்தான். இறக்கி வைத்த பிறகுதான் கால் வலித்தது.

சுவர்த்திரையில் எண் மாறியது. முப்பத்தெட்டு. வழக்குரிமை இல்லை.

"போச்சா!" என்று சீனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூட்டைக்காரி அவன் காலைப் பார்த்துப் பதறினாள். "அய்யய்யோ, வண்டி ஏறுன காலாண்ணே? யாரு இடிச்சது?"

மூக்கையா திரையை ஒருமுறை பார்த்தான்.

"யாரும் இடிக்கலம்மா."