முதல் பாதி

பட்டறைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் சவேரியம்மாள் ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பின் அந்த ஒற்றை அறை நிறையப் பெண்கள் முழங்காலில் இருந்தார்கள். சுவரில், மாலை போட்ட படத்தில், அவள் கணவன் பிலோமின்ராஜ்.

ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தருகே, ஊரை நடுங்கவைக்க ஒரு கூட்டம் தண்டவாளத்தில் வைத்த குண்டு அவன் ஓட்டிய எஞ்சினைக் கவிழ்த்தது. அன்றிலிருந்து தினமும் இந்த ஜெபம்.

"தொண்டை கட்டியிருக்கேக்கா. ஒரு பத்துமணியாவது நான் முன்னால சொல்றேனே" என்றாள் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்.

"வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்."

மற்ற வீடுகளில், ஜெபமாலையின் பத்துப் பத்து மணிகள் கொண்ட ஐந்து பகுதிகளை ஆளுக்கொரு பத்துமணியாக முன்னால் சொல்லப் பிரித்துக்கொள்வார்கள். சவேரியம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இவளிடம் விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பங்குச் சாமியாரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்.

ஏன் விடுவதில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு பத்துமணியும் தொடங்கும் பரலோக மந்திரத்தில் முன்னால் சொல்பவருக்கு முதல் பாதிதான். 'பூலோகத்திலும் செய்யப்படுவதாக' என்பதோடு வாயை மூடிக்கொள்ளலாம். 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற மன்னிப்பு வரி பதில் சொல்பவர்களின் பாதியில் வருகிறது.

கணவனைப் புதைத்த நாளிலிருந்து அந்த வரியை அவள் சொல்லவில்லை.

முதல் பத்துமணி முடிந்தது. அடுத்ததைத் தொடங்க வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை. இருமினாள்.

வாசற்படியிலிருந்து வேறொரு குரல் தொடங்கியது.

"பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே..."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலைத் தெருவே அறியும். மதலேனம்மாள். மகன் போலீசில் பிடிபட்டதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வராதவள். குண்டு வைத்தது நான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

'பூலோகத்திலும் செய்யப்படுவதாக' என்று அவள் நிறுத்தினாள்.

இனி இரண்டாம் பாதி. பெண்கள் வாய் திறக்காமல் சவேரியம்மாளுக்காகக் காத்திருந்தார்கள்.

எழுந்து போய்விடலாம். ஆனால் அறைக்கு ஒரே வாசல். அதில் மதலேனம்மாள் மண்டியிட்டிருந்தாள்.

"எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்றாள் சவேரியம்மாள்.

அதுவரை வந்தது.

அதற்குப் பிறகு வரவில்லை.

எங்கோ ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டு, தேய்ந்து, அடங்கியது.

தன் ஜெபமாலையில் அடுத்த மணிக்கு நகராமல் அதே மணியைப் பிடித்தபடி, மதலேனம்மாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"பரமண்டலங்களிலே..."